சொன்ன பிறகு என்ன நடக்கும்?

வடக்குப்பட்டு என்ற ஊர்ப் பெயர் வெளியில் அடிபட்டது 2022-இல், இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியபோது. மற்றபடி அது ஒரகடத்தை ஒட்டிய கிராமங்களில் ஒன்று. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிட்டுச் செல்லும் இந்த வட்டாரத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கைப்பேசி என்று உலகச் சந்தைக்கான சரக்கு உருவாகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி ஆலை வந்ததும், வரிசையில் நின்று பாகம் பொருத்தும் வேலைக்கு இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் எடுக்கத் தொடங்கினார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் போன்ற மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் பெண்கள் வந்து ஹாஸ்டல்களிலும் வாடகை அறைகளிலும் தங்கி, மூன்று ஷிஃப்டிலும் வேலை செய்கிறார்கள்.

ஆலை வாசலுக்கு உள்ளே கேமரா உண்டு, அடையாள அட்டை உண்டு, காவலாளி உண்டு. வாசலைத் தாண்டினால் விளக்கில்லாத சர்வீஸ் ரோடு, கூரையில்லாத பஸ் நிறுத்தம், நெருக்கியடித்து ஏற்றும் ஷேர் ஆட்டோ. பைக்கை மெதுவாக்கி ‘வர்றியா’ என்று கேட்டுவிட்டுப் போகிறவன், கூட்டத்தில் உரசுகிறவன், கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்கிறவன், ஹாஸ்டல் வாசல்வரை நாள் தவறாமல் பின்தொடர்கிறவன் என எல்லோரும் இந்த இடைவெளியில்தான் நடமாடுகிறார்கள்.

அப்படி ஒன்று நடந்த பிறகு அந்தப் பெண் என்ன செய்ய வேண்டும்? நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. காவல் துறையின் பதில்: உடனே 112-க்கு அழையுங்கள், புகார் கொடுங்கள். வீட்டின் பதில்: ‘கண்டுக்காம வந்துடும்மா.’ இரண்டுமே நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவை. ஆனால் அவள் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. சொன்ன பிறகு எனக்கு என்ன நடக்கும் என்பதே அவளுடைய கேள்வி.

இந்தச் சாலையில் பொதுவாக நடப்பது இதுதான். அப்பாவிடம் சொன்னால், ‘வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஊருக்கு வந்துடு’ என்பார். வார்டனிடம் சொன்னால் மறுநாள் முதல் எல்லோருக்கும் வெளியே போகும் நேரம் குறையும். ‘உன்னாலதான்’ என்று அறைத்தோழிகள் முகம் சுளிப்பார்கள். ஆள் எடுத்துக் கொடுத்த கான்ட்ராக்டருக்குத் தெரிந்தால், தொந்தரவு பிடித்தவள் என்று பெயர் வைப்பார். ஹெச்.ஆர். அறையில், ‘கேட்டுக்கு வெளியில நடந்ததுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்’ என்பார்கள். செய்தவன் எதையும் இழப்பதில்லை. சொன்னவள் சம்பளத்தையோ மாலை நேரத்தையோ தோழமையையோ இழக்கிறாள். அவள் வாய் திறக்காததைப் பயம் என்று சொல்லிவிட முடியாது. அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. அந்தக் கணக்கை மாற்றாமல் உதவி எண்களை மட்டும் அச்சடித்து ஒட்டுவதில் பெரிய பயன் இல்லை.

முதல் சில மணி நேரம்

முதலில் உடல். சீண்டலுக்கு ஆளானவர்களில் பலர் அந்த நொடியில் கத்துவதில்லை, திருப்பி அடிப்பதில்லை, அசையாமல் நின்றுவிடுகிறார்கள். பிறகு, ‘ஏன் சும்மா நின்னேன்’ என்று தன்னையே வதைத்துக்கொள்கிறார்கள். ஆபத்தின் முன் உடல் உறைந்துபோவது இயற்கை. அது சம்மதமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. சட்டமும் அவள் எதிர்த்தாளா என்று கேட்பதில்லை, அவன் செய்தானா என்றுதான் கேட்கிறது.

அடுத்து இடம். வெளிச்சமும் ஆட்களும் உள்ள பக்கம் போக வேண்டும். பெட்ரோல் பங்க், மருந்துக் கடை, எந்தக் கம்பெனியானாலும் அதன் செக்யூரிட்டி வாசல். பின்தொடர்கிறான் என்று தோன்றினால் நேராக அறைக்குப் போகக் கூடாது. தங்கும் இடம் அவனுக்குத் தெரியாமல் இருப்பது முக்கியம். அங்கே நின்று ஒருவரையாவது தொலைபேசியில் அழைக்க வேண்டும். 112 அவசர எண், 181 பெண்கள் உதவி மையம். இரண்டும் இரவிலும் இயங்குபவை.

அவனை விரட்டிப் பிடிக்க வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. கூட்டம் சேர்ந்து ‘தர்ம அடி’ கொடுப்பதை நியாயம் என்று நம்புகிற ஊர் நம் ஊர். நான் அதை ஏற்கவில்லை. அடிபட்டவன் அடுத்த நிமிடமே பாதிக்கப்பட்டவனாகிவிடுகிறான், வழக்கு திசைமாறுகிறது, அடித்தவர்கள் கலைந்த பிறகு ஸ்டேஷனில் நிற்பது அவள் மட்டும்தான். பல சமயம் அடி வாங்குபவன் செய்தவனே இல்லை. இந்த வட்டாரத்தில் எது நடந்தாலும் ‘வடக்கத்திப் பசங்க’ என்று விரல் நீட்டும் பழக்கம் வளர்ந்திருக்கிறது. அதே வட மாநிலத்துப் பெண்கள்தான் மொழி தெரியாமல், யாரிடம் சொல்வது என்று புரியாமல், இதே நிறுத்தத்தில் அதிகம் தவிக்கிறார்கள் என்பதை விரல் நீட்டுகிறவர்கள் நினைப்பதில்லை. ஆளைப் பிடிக்க வண்டி எண் வேண்டும், நேரம் வேண்டும், செய்த காரியம் வேண்டும். எந்த ஊர்க்காரன் போலிருந்தான் என்ற ஊகம் உதவாது.

அதனால்தான் குறிப்பு எழுதுவதைப் பெரிதாகச் சொல்கிறேன். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அன்றே முடிவெடுக்கத் தேவையில்லை. ஆனால் குறிப்பை அன்றே எழுதிவிட வேண்டும். எத்தனை மணி, எந்த நிறுத்தம், எதிரில் என்ன கடை, எந்தத் திசையில் போனான், வண்டி எண் முழுதாக இல்லாவிட்டாலும் கடைசி நான்கு இலக்கம், என்ன சொன்னான் – அவன் சொன்ன சொல் எவ்வளவு அசிங்கமானதாக இருந்தாலும் அப்படியே. இதை நம்பிக்கையான ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் நாளும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். அரசுப் பேருந்தில் நடந்திருந்தால் பயணச்சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். மகளிருக்கான கட்டணமில்லாச் சீட்டானாலும் இயந்திரம் அச்சடித்தது என்றால் அதில் நாளும் நேரமும் வழித்தடமும் இருக்கும். கடைகளிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் உள்ள கேமராப் பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்து அவற்றின் மேல் புதியவை ஏறிவிடுகின்றன. புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பதிவைக் கேட்டு வாங்கும்படி காவல் நிலையத்தில் எழுத்தில் கேட்பது நல்லது.

அவன் முகத்தைப் படம் பிடித்திருந்தால் அது சாட்சியம். அதைச் சமூக ஊடகத்தில் போடலாமா? அவசரப்பட வேண்டாம் என்பேன். படம் பரவும்போது அவனோடு சேர்ந்து அவளும் பரவுகிறாள். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு விஷயம் அவள் வாயால் தெரியாமல் அடுத்தவர் ஃபோன் வழியாகத் தெரிய வரும். படத்தை முதலில் பார்க்க வேண்டியவர் விசாரணை அதிகாரி.

சட்டம் எங்கிருந்து வந்தது

தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் பிறந்ததே ஒரு சாவிலிருந்து. 1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷாவை, ஆட்டோவில் வந்த இளைஞர் கூட்டம் ஒன்று தண்ணீர் ஊற்றிச் சீண்டியது. கீழே விழுந்து தலையில் அடிபட்டவர் பிழைக்கவில்லை. அந்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. அது பிறகு 1998-ஆம் ஆண்டின் 44-ஆவது சட்டமானது. 2002-இல் அதன் பெயர் தமிழ்நாடு பெண்கள் மீதான துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று மாறியது. பஸ் நிறுத்தம், சாலை, ரயில் நிலையம், திரையரங்கம், கோயில், பூங்கா, கடற்கரை என்று இடங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட சட்டம் அது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் கொடுமைக்கு ஆளான பின் 2025 ஜனவரியில், தண்டனையைப் பல மடங்கு உயர்த்தியும் இணையவழித் துன்புறுத்தலைச் சேர்த்தும் அதற்கான திருத்த மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது.

இதோடு 2024 ஜூலை 1 முதல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. மானத்துக்குக் களங்கம் விளைவிக்கும் நோக்கில் தொடுவதும் பலம் பயன்படுத்துவதும் 74-ஆவது பிரிவு; ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. பாலியல் நோக்கிலான பேச்சு, தொடுகை, ஆபாசப் படம் காட்டுதல் ஆகியவை 75. பின்தொடர்தல் 78. சொல்லாலும் சைகையாலும் அவமதிப்பது 79. மூன்றாண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ‘தொட்டாத்தானே கேஸ், சும்மா பேசினதுக்கெல்லாம் கேஸா’ என்று யாராவது சொன்னால், பேச்சுக்கும் சைகைக்கும் பின்தொடர்வதற்கும் தனித்தனிப் பிரிவு உண்டு என்று தெரிந்திருந்தால் போதும்.

பின்தொடர்வதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒருநாள் பைக்கில் வந்து கேலி பேசிவிட்டுப் போனவனும், தினமும் அதே நேரத்துக்கு அதே நிறுத்தத்தில் நிற்பவனும் ஒரே வகை அல்ல. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்திலும், 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்திலும் இளம்பெண்கள் பட்டப்பகலில் கொல்லப்பட்டார்கள். இரண்டிலும் கொலைக்கு முன்பே பின்தொடர்தல் இருந்தது பிறகு பேசப்பட்டது. ஆகவே, முன்பின் தெரியாதவனின் ஒருமுறைச் சீண்டலுக்குப் புகார் கொடுப்பதா என்பதை அவள் விருப்பத்துக்கு விடலாம். திரும்பத் திரும்ப வருகிறவனை மட்டும் அப்படி விடக் கூடாது. அவள் பெயர், அறை, ஷிஃப்ட் நேரம் இவற்றில் ஒன்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றால் அன்றே நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

காவல் நிலையத்தில்

இந்தத் தொழிற்பாதையில் காவல் எல்லை ஒரு சிக்கல். பூந்தமல்லி ஆவடி ஆணையரகத்தில் வருகிறது. மணிமங்கலம், சோமங்கலம் பக்கம் தாம்பரம் ஆணையரகம். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் காஞ்சிபுரம் மாவட்டக் காவல். ஒரே பஸ் பயணத்தில் இரண்டு எல்லைகளைக் கடந்துவிடலாம். ‘அது எங்க லிமிட் இல்லம்மா’ என்ற பதிலுக்கு இனி இடமில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்யலாம்; உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. மின்னணு வழியிலும் தகவல் தரலாம். மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். மேலே சொன்ன குற்றங்களுக்குப் பெண் அதிகாரிதான் வாக்குமூலத்தை எழுத வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் பிரதி இலவசம்.

நடைமுறையில் வேறொன்று நடக்கும். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்கள். சமுதாயப் பணிப் பதிவேட்டில் எண் விழுந்திருக்கிறது என்பதற்கான சீட்டு அது, அவ்வளவுதான். வழக்கு பதிவாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 74, 79 போன்ற பிரிவுகளில் வரும் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே நியாய சன்ஹிதாவின் 199-ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை உண்டு. நிலையம் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பதில் இல்லாவிட்டால் நடுவர் நீதிமன்றம். வழக்கறிஞருக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எந்தப் பெண்ணுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

தாமதமாகிவிட்டதே என்ற கவலையும் பலருக்கு. ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றங்களை ஓராண்டுக்குள்ளும், மூன்றாண்டு வரை சிறைக்குரியவற்றை மூன்றாண்டுக்குள்ளும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்து மனம் தெளிந்து போகிறவளை, ‘அன்னைக்கே ஏன் வரல’ என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் வழியில்லை.

ஸ்டேஷனில் ‘சமாதானம்’ பேசுவதும் உண்டு: மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிவிட்டு அனுப்பிவிடலாம் என்பார்கள். அவளே அதைக் கேட்டால் அது அவள் முடிவு. அவனுடைய எதிர்காலம், அவன் அம்மாவின் கண்ணீர் என்று சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தால், குற்றத்தின் சுமையைத் தூக்கி அவள் தலையில் வைக்கிறார்கள் என்றுதான் சொல்வேன்.

தென்காசியில் நடந்தது

1999 ஜூலை 9. குற்றால சீசன் பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஒரு காவலர் இரவில் குடித்துவிட்டுத் தென்காசி பஸ் நிலையத்துக்குப் போனார். கணவரோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் அத்துமீறினார். புகார் பதிவாகி, குற்ற வழக்கு ஒருபக்கமும் துறை விசாரணை மறுபக்கமும் நடந்தன. துறை விசாரணையில் குற்றம் நிரூபணமாகி அவர் வேலை பறிபோனது. குற்ற வழக்கில் மனைவியும் கணவனும் பிறழ் சாட்சியானார்கள், அவர் விடுதலையானார். விடுதலையைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் வேலையைத் திரும்பக் கேட்டார், கிடைத்தது. காவல் துறை மேல்முறையீடு செய்ய, 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை மீண்டும் உறுதி செய்தது.

பதின்மூன்று ஆண்டு நீண்ட இந்த வழக்கில் ஒரகடத்துக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்தத் தம்பதி ஏன் பின்வாங்கினார்கள் என்பதை ஊகிக்க அதிக நேரம் ஆகாது. எதிராளி காவலர், அவர்கள் வழிப்போக்கர்கள், நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். சொன்னவர்களுக்கு யாரும் துணை நிற்காதபோது சாட்சி உடைகிறது. இரண்டு, குற்ற வழக்கு உடைந்த இடத்தில் துறை விசாரணை நின்றது. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். பணியிட விசாரணையில் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். பணியிட விசாரணை என்ற வழி அரசுப் பணியில் மட்டும் இருப்பதல்ல. சீண்டியவன் ஏதாவதொரு கம்பெனியின் ஊழியனாகவோ பஸ் டிரைவராகவோ கான்ட்ராக்ட் ஆளாகவோ இருந்தால், அவன் வேலை பார்க்கும் இடத்துக்கும் அவள் எழுதலாம். சீருடையும் அடையாள அட்டையும் போட்டுக்கொண்டு நடமாடும் ஊரில் இது சின்ன ஆயுதம் அல்ல.

அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சில உத்தரவுகள் போட்டது. பஸ் நிலையம், ரயில் நிலையம், திரையரங்கம் போன்ற இடங்களில் சாதாரண உடையில் பெண் போலீஸ், கேமரா, எச்சரிக்கைப் பலகை, உதவி எண். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வாகனம் பற்றியது. பொதுப் பயணிகள் வாகனத்தில் சீண்டல் நடந்து பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தவறினால் பெர்மிட் ரத்தாகலாம். தமிழ்நாட்டின் 1998 சட்டமே இந்தக் கடமையை விதித்திருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பொருளில், பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றும் எல்லா வண்டியும் – ஒப்பந்த ஊர்தி உட்பட – பொதுச் சேவை வாகனம்தான். அப்படியானால் ஷேர் ஆட்டோவும் கம்பெனி வாடகைக்கு எடுத்து ஓட்டும் ஷிஃப்ட் பஸ்ஸும் இதில் அடங்கும். ‘அண்ணா, வண்டிய ஸ்டேஷனுக்கு விடுங்க’ என்று கேட்பது சட்டம் அவளுக்குக் கொடுத்திருக்கும் உரிமை என்பது எத்தனை டிரைவர்களுக்குத் தெரியும்?

வழியில் போகிறவர்களையும் அந்தத் தீர்ப்பு விடவில்லை. பார்த்தவர்கள் காவல் நிலையத்துக்கோ உதவி எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. சண்டைக்குப் போக வேண்டும் என்பதில்லை. நிறுத்தத்தில் நிற்கும் ஒரு பெரியம்மா, ‘என்னம்மா இங்க நிக்குற, வா இப்படி’ என்று தெரிந்த பெண்ணை அழைப்பதுபோல அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. அவன் போன பிறகு, ‘நான் பார்த்தேன், வேணும்னா வந்து சொல்றேன்’ என்று நம்பரைக் கொடுத்தால் மீதிப் பாதியும் முடிந்தது.

கேட்டுக்கு வெளியே

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பணியிடம் என்பதற்குள் முதலாளி ஏற்பாடு செய்யும் போக்குவரத்தையும் சேர்த்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளியும் பயிற்சியாளரும் அப்ரன்டிஸும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஊழியர்களே. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க அவள் விரும்பினால் உதவ வேண்டியதும் முதலாளியின் கடமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆக, கம்பெனி பஸ்ஸுக்குள் நடந்ததை ‘வெளியே’ என்று எந்த ஹெச்.ஆர். அதிகாரியும் தள்ள முடியாது.

கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிறுத்தம்? முன்பின் தெரியாதவன் அங்கே சீண்டினால் சட்டத்தை எப்படிப் படிப்பது என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் சட்டத்தின் ஓரத்தில் நின்று அளந்து பார்க்கும் விஷயமா இது? ஆலைகளில் பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையை 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோது, போக்குவரத்து வசதியையும் பாதுகாப்பையும் நிபந்தனையாக வைத்தது. பெண்ணை இரவில் வேலைக்குக் கூப்பிடும் உரிமை அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடும் பொறுப்போடு சேர்ந்துதான் வந்தது. 2014 பிப்ரவரியில், சிறுசேரி சிப்காட்டில் இரவு வேலை முடித்து வெளியே வந்த மென்பொருள் பெண் ஊழியர் ஒருவர் கொல்லப்பட்டார். அலுவலகத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே கிடக்கும் இருட்டு யாருடைய பொறுப்பு என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். நிறுத்தத்துக்கு விளக்குப் போடவும், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு காவலாளியை நிறுத்தவும், கடைசிப் பெண் ஏறும்வரை பஸ் காத்திருக்கவும் எந்தத் தீர்ப்பும் தேவையில்லை.

தங்குமிடத்துக்கும் சட்டம் உண்டு. பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி விடுதி நடத்த உரிமம் வேண்டும். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட தங்குமிடம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கட்டடம் வந்தது நல்லது. ஆனால் அதற்கு வெளியே, வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு வார்டனும் இல்லை, காவலாளியும் இல்லை. அவர்களுக்கு வீட்டுக்கார அம்மாவும் ஊராட்சியும்தான். பெரிய விடுதிகளிலோ, சம்பவம் நடந்தால் பெண்களைப் பூட்டிவைப்பதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஒருவன் செய்த தவறுக்கு நூறு பெண்களின் மாலை நேரத்தைப் பறித்தால், அடுத்த முறை எவளும் சொல்ல மாட்டாள். நூறு பேரும் சேர்ந்து அவளைச் சொல்லவிட மாட்டார்கள்.

இதே பெண்கள் வாய் திறக்கத் தெரியாதவர்கள் அல்ல. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதிச் சாப்பாட்டில் ஏராளமானோர் நோயுற்றபோது, கைப்பேசி ஆலைப் பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உணவு எல்லோருக்குமான பிரச்சினை, அதனால் சேர்ந்து சொன்னார்கள். சீண்டல் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக நடக்கிறது. அதனால் தனியாகச் சுமக்கிறார்கள். ஒரே நிறுத்தத்தில் நடந்ததை நாலு பேர் சேர்ந்து ஒரே மனுவில் எழுதினால் யாரையும் தனியாகப் பிரித்து ஊருக்கு அனுப்ப முடியாது. இது இந்தச் சாலையில் இன்னும் பெரிதாக முயலப்படாத வழி.

சேர்ந்து நிற்க ஆளில்லாமலும் ஒருத்தி வென்ற கதை எகிப்தில் உண்டு. 2008-இல் கெய்ரோவில் நோஹா ருஷ்தி என்ற இளம்பெண், வண்டியில் போய்க்கொண்டே தன்னைப் பிடித்து இழுத்தவனை விடாமல் பிடித்துக் காவல் நிலையம்வரை கொண்டுபோனார். சுற்றியிருந்தவர்கள் விட்டுவிடச் சொன்னார்கள். நீதிமன்றம் அவனுக்கு மூன்றாண்டு சிறை விதித்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே நகரில், எந்தத் தெருவில் என்ன நடந்தது என்று பெண்கள் பெயர் சொல்லாமல் பதியும் ஹராஸ்மேப் என்ற வரைபடம் தொடங்கியது. நம் நாட்டிலும் 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பின் சேஃப்சிட்டி அப்படித் தொடங்கியது. பெயரைச் சொல்ல முடியாதவள் இடத்தையாவது சொல்லலாம் என்ற இந்த யோசனை ஒரகடத்துக்குப் பொருந்தும். ஒரு நிறுத்தத்தின் பெயர் இருபது முறை வந்தால் அங்கே ரோந்து அனுப்ப எந்தப் பெண்ணின் வாக்குமூலமும் தேவையில்லை.

சொல்லாமல் இருப்பதற்கும் விலை உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகளைப் பற்றிய கிரிஜா போர்க்கரின் ஆய்வு, பாதுகாப்பான வழித்தடத்துக்காகப் பெண்கள் தங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டுத் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததைக் காட்டியது. இங்கே அது இரவு ஷிஃப்ட் படியை விடுவதாக, ஓவர்டைமைத் தவிர்ப்பதாக, கடைசியில் வேலையையே விடுவதாக முடிகிறது. தூக்கம் கெடுவது, அந்த நிறுத்தத்தை நினைத்தாலே நெஞ்சு படபடப்பது, யார் பக்கத்தில் வந்தாலும் திடுக்கிடுவது எல்லாம் வாரக்கணக்கில் நீடிக்கலாம். டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாவட்டந்தோறும் உள்ள சகி மையத்தில் ஆலோசனையும் சட்ட வழிகாட்டலும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஊரில் இருக்கும் அம்மா அப்பாவிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மகள் ஃபோனில் இதைச் சொன்னால், ‘ஊருக்கு வந்துடு’ என்று முதல் வாயில் சொல்லாதீர்கள். ‘நீ என்ன பண்ணணும்னு நினைக்கிற? நாங்க என்ன பண்ணட்டும்?’ என்று கேளுங்கள். அவள் வர விரும்பினால் வரட்டும். இருக்க விரும்பினால், புகார் கொடுக்கும் நாளன்று ஒருவர் பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

கம்பெனிகளிடம் கேட்பது இன்னும் எளிது. ஷிஃப்ட் பஸ்ஸிலும் விடுதிச் சுவரிலும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு அறிவிப்பு வேண்டும்: வழியில் நேர்ந்த சீண்டலைச் சொன்னதற்காக எந்தப் பெண்ணின் வேலையும், ஷிஃப்டும், சம்பளமும், தங்குமிடமும், வெளியே போகும் நேரமும் மாற்றப்படாது; புகார் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கீழே பொறுப்பான ஒருவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். இந்தப் பாதையில் ஆள் எடுக்கும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் தொழிற்சங்கங்களும் ஊராட்சிகளும் மாவட்ட நிர்வாகமும் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.